கடலே இல்லாத ஜில்லாவின் துறைமுகங்கள்

கப்பல் சுற்றுலா விளம்பரம் ஒண்ணையாவது சமீபத்துல நீங்க பார்த்திருப்பீங்க. வெள்ளைக் கப்பல், மேல்தளத்துல நீச்சல் குளம், கூலிங் கிளாஸ் போட்ட ஒரு குடும்பம். கீழே பொடி எழுத்துல ஒரு அட்டவணை இருக்கும். எந்தெந்த ஊர்ல கப்பல் நிற்கும், எத்தனை மணிக்குக் கரை சேரும், எத்தனை மணிக்குள்ள திரும்பி ஏறணும். எனக்கு அந்த அட்டவணைதான் பிடிக்கும். சேலம் பக்கத்து ஆள் நான். சின்ன வயசுல பஸ் ஸ்டாண்ட் டைம் போர்டைப் படிச்சே பொழுதைப் போக்கினவன். எங்களுக்குக் கிடைச்ச அட்டவணை அதுதான்.

இந்தியப் பெருங்கடல்ல ஓடுற சுற்றுலாக் கப்பல்களோட அட்டவணைகளை வரிசையா வெச்சுப் பார்த்தா, சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். போர்ட் லூயி, டர்பன், பினாங்கு, போர்ட் கிளாங், சிங்கப்பூர். பசிபிக் பக்கம் போனா பிஜித் தீவோட சுவா. 2023 ஜூன்ல சென்னையிலிருந்து இலங்கைக்குப் போக ஆரம்பிச்ச கோர்டீலியா நிறுவனத்தோட எம்ப்ரஸ் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு மூணு இடத்துல நின்னுது.

இதே பெயர்கள் இருக்கிற இன்னொரு பட்டியல் உண்டு. அது விளம்பரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டுல சென்னையிலிருந்து போன கூலிக் கப்பல்களோட பயணிகள் பதிவேடு. அதுல ஒவ்வொரு ஆளோட பெயருக்கும் நேரே ‘ஜில்லா’ன்னு ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்துல அடிக்கடி வர்ற பெயர்கள்ல ஒண்ணு, சேலம்.

சேலத்துல கடல் கிடையாது. சென்னைக் கடற்கரைக்குப் போகணும்னா சுமார் 340 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்தும் அதுக்குக் குறையாது. அப்படி இருக்கிற ஒரு சமவெளியிலிருந்து, சாமைக்கும் கேழ்வரகுக்கும் வானத்தைப் பார்த்துட்டு இருந்த ஆட்கள், எப்படி டர்பன்லயும் சுவாவுலயும் போய் இறங்கினாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு விளக்கம். நான் சேலம்னு சொல்றது இப்போ இருக்கிற மாவட்டத்தை இல்லை. பழைய சேலம் ஜில்லா ரொம்பப் பெருசு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் எல்லாம் அதுக்குள்ள. தருமபுரி 1965-ல் பிரிஞ்சது, நாமக்கல் 1997-ல் தனி மாவட்டம் ஆச்சு. அதனால பழைய காகிதத்துல ‘சேலம் ஜில்லா’ன்னு இருந்தா, அது சேர்வராயன் மலை அடிவாரமாவும் இருக்கலாம், காவிரிக்கரைப் பரமத்தியாவும் இருக்கலாம். இது பின்னாடி முக்கியமாகப் போகுது, மனசுல வெச்சுக்கங்க.

இந்த மண்ணுக்கும் துறைமுகத்துக்கும் உறவே இல்லைன்னும் சொல்ல முடியாது. 1987-ல் கோனேரிப்பட்டியில ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைச்சிருக்கு. யாரோ எதையோ கடல் வரைக்கும் கொண்டுபோய் வித்திருக்காங்க. 1830-கள்ல ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை வெச்சார். தாது எங்கிருந்துன்னா, சேலத்திலிருந்து. அந்த இரும்பு கப்பல் ஏறி இங்கிலாந்து போச்சு. வேல்ஸ்ல இருக்கிற பிரிட்டானியா பாலத்துக்கு அது பயன்பட்டதா குறிப்புகள் உண்டு. ஆக, சேலத்து மனுஷங்களுக்கு முன்னாடியே சேலத்து இரும்பு கப்பல் ஏறிடுச்சு. இன்னைக்கு நாமக்கல் முட்டை கண்டெய்னர்ல ஏறி வளைகுடாவுக்குப் போகுது. சரக்கு எப்பவும் வழி கண்டுபிடிச்சுடும். ஆளுங்க கதைதான் வேற.

1860 அக்டோபர். சென்னையிலிருந்து ட்ரூரோன்னு ஒரு பாய்மரக் கப்பல் கிளம்புது. நவம்பர் 16-ம் தேதி அது தென்னாப்பிரிக்காவோட டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேருது. கப்பல்ல 342 பேர். நேட்டால் காலனியோட கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவங்கதான். 1911-ல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படுற வரைக்கும் நேட்டாலுக்கு மட்டும் 1,52,000-க்கும் மேல ஆட்கள் போயிருக்காங்க. அதுல மூணுல ரெண்டு பங்கு சென்னை வழியா.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 1860-ல் சென்னையில துறைமுகமே கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி, ஆழத்துல நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல அலை. அந்த அலையைத் தாண்டறதுக்கு மசூலா படகுன்னு ஒண்ணு. பலகைகளை ஆணி அடிக்காம, தென்னங்கயிறு வெச்சுத் தைச்ச படகு. ஆணி அடிச்ச படகா இருந்தா அலை மோதுற வேகத்துல பிளந்துடும். தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். வெள்ளைக்கார துரைமாரே இந்தப் படகுப் பயணத்தை நினைச்சுப் பயந்து எழுதி வெச்சிருக்காங்க. அப்போ ராசிபுரத்துப் பக்கத்து ஒரு ஆளை யோசிச்சுப் பாருங்க. அதிகபட்சமா அவர் பார்த்த தண்ணி, ஆடிப்பெருக்குல காவிரி. சென்னை வரைக்கும் அவர் நடந்துதான் வந்தாகணும், ஏன்னா ரயில் சேலத்தைத் தொட்டதே 1861-ல். நடந்து வந்து, டிப்போன்னு சொல்ற கூலிக் கொட்டகையில நாள் கணக்கா அடைஞ்சு கிடந்து, டாக்டர் பார்த்து, அதிகாரி முன்னாடி கைநாட்டு வெச்சு, கடைசியில தையல் போட்ட படகுல அலைக்குள்ள போகணும். கடலை முதல் தடவை பார்க்கிற அன்னைக்கே கரையை விடணும்.

சுற்றுலாக் கப்பல்ல வர்றவங்களுக்கு டர்பன்ல எத்தனை மணி நேரம் கிடைக்கும்? ஒரு பகல். இவங்களுக்கு அஞ்சு வருஷம். ஒப்பந்தம் அஞ்சு வருஷத்துக்கு. பத்து வருஷம் அங்க இருந்தாத்தான் திரும்பி வர இலவச டிக்கெட். ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கேயே இருந்து தோட்டம் போட்டு, காய்கறி வித்துப் பிழைக்கிறவங்க மேல 1895-ல் நேட்டால் அரசாங்கம் ஆளுக்கு வருஷம் மூணு பவுன் வரின்னு சட்டம் போட்டது. இதோட கணக்கு ரொம்பத் தெளிவு. வரி கட்டு, இல்லைன்னா மறுபடியும் ஒப்பந்தம் போடு, இல்லைன்னா ஊருக்குத் திரும்பு. ஒரு கூலிக் குடும்பத்துக்கு மூணு பவுன்ங்கிறது பல மாசச் சம்பளம். 1913-ல் காந்தி நடத்தின பெரிய வேலைநிறுத்தத்துக்கு இந்த வரி ஒரு முக்கியக் காரணம். 1914-ல் வரி ரத்தாச்சு.

அந்தப் போராட்ட காலத்துல சேலத்துல ஒரு இளம் வக்கீல், காந்தியோட சிறை அனுபவங்களைச் சின்ன நூலாப் பதிப்பிச்சு, பணம் திரட்டி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார். அவர் பெயர் ராஜகோபாலாச்சாரி. ராஜாஜியும் காந்தியும் நேர்ல சந்திக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடி நடந்த விஷயம் இது. நம்ம பாடப்புத்தகம் ராஜாஜியை வேதாரண்யத்துல உப்போட நிறுத்தும். எனக்கென்னவோ, சேலம் கோர்ட்டு வக்கீல் டர்பனுக்குப் பணம் அனுப்பின கதைதான் அதிகமா யோசிக்க வைக்குது. அவர் ஜில்லா ஆட்கள் அந்தக் கரும்புத் தோட்டங்கள்ல இருந்தாங்க.

சரி, ஏன் போனாங்க? ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்கன்னு ஒரு பதில் உண்டு. அதுல உண்மையும் உண்டு. ஆள் பிடிக்கிறவனுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் இருந்தது. அவன் பொய் சொல்லாம இருந்திருப்பான்னு நம்ப எனக்கு மனசு வரலை. ஆனா அது மட்டும் போதாது. இந்த இடத்துல 1876-ம் வருஷத்துக்குப் போகணும்.

தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பாட்டன் பூட்டன் சொன்னது இதைத்தான். 1876-ல் மழை பொய்ச்சது, 1877-லயும் பொய்ச்சது, 1878 வரைக்கும் நாடு எழுந்திருக்கலை. சென்னை மாகாணத்துல ரொம்ப மோசமா அடிவாங்கின ஜில்லாக்கள்ல சேலம் ஒண்ணு. 1871 மக்கள்தொகைக் கணக்குல சேலம் ஜில்லாவுல சுமார் 19.6 லட்சம் பேர். பத்து வருஷம் கழிச்சு, 1881-ல் எண்ணிப் பார்த்தா சுமார் 16 லட்சம். சாதாரணமா பத்து வருஷத்துல ஜனத்தொகை ஏறும். இங்க மூணரை லட்சத்துக்கும் மேல குறைஞ்சிருக்கு. ஆறுல ஒரு பங்குக்கும் மேல. உங்க தெருவுல ஆறு வீடு இருந்தா, அதுல ஒரு வீட்டுக்காரங்க முழுக்க இல்லைன்னு வெச்சுக்கங்க. பெரும்பாலானவங்க செத்துப்போனாங்க. மிச்சப்பேர் ஊரை விட்டுப் போனாங்க.

பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவங்களுக்கு, 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள்ங்கிற அதிகாரி கூலியைக் குறைச்சார். நாள் பூரா கல்லு உடைக்கிற ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் குறைவு. இதே வருஷங்கள்ல இந்தியாவிலிருந்து தானியம் கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போயிட்டுதான் இருந்தது. சரக்கு எப்பவும் வழி கண்டுபிடிச்சுடும்னு முன்னாடி சொன்னேன் இல்லையா, அதோட இன்னொரு பக்கம் இது.

இந்த நிலைமையில கப்பல் டிப்போவுல ரெண்டு வேளை சோறு போடறாங்கன்னு ஒருத்தன் வந்து சொன்னா, அவன் சொல்றது பொய்யா நிஜமான்னு யார் விசாரிச்சுட்டு இருப்பாங்க? போனவங்களை ஏமாந்தவங்கன்னு மட்டும் நாம பார்த்தா, அவங்க போட்ட கணக்கை நாம மதிக்கலைன்னு ஆயிடும். இருந்தா சாவு உறுதி, போனா உறுதியில்லை. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் காலத்துல சேலத்திலிருந்து இன்னொரு வகையிலயும் கடல் கடந்திருக்காங்க. 1882-ல் சேலத்துல நடந்த கலவர வழக்குல தண்டனை பெற்றவங்களை அந்தமானுக்கு அனுப்பினாங்க. அதே வழக்குல சிக்கின சேலம் விஜயராகவாச்சாரியார் மேல்முறையீட்டுல விடுதலையாகி, அப்புறம் அந்தமானுக்குப் போனவங்களை மீட்கவும் வாதாடினார். போர்ட் பிளேர் இன்னைக்கு சுற்றுலா ஊர். அதையும் நம்ம ஜில்லாவோட துறைமுகக் கணக்குல ஒரு வரி எழுதிக்கலாம்.

இப்போ கிழக்கே திரும்புவோம். எங்க பக்கத்துப் பெருசுங்க வாயில டர்பன் வராது, சுவா வராது. ‘அக்கரைச் சீமை’ன்னு பொதுவா சொல்லுவாங்க. குறிப்பா சொன்னா ரெண்டே பெயர்: பினாங்கு, கண்டி. கண்டின்னா இலங்கைத் தேயிலைக் காடு. பினாங்குன்னா மொத்த மலேயாவும். கப்பல் முதல்ல எங்க நிக்குதோ, அந்தத் துறைமுகத்துப் பெயரே நாட்டுக்கும் பெயராயிடுச்சு.

பினாங்குக்கு வழி நாகப்பட்டினம். ஆள் சேர்க்கிறவர் கங்காணி. நேட்டாலுக்கு ஆள் பிடிச்சவன் முன்பின் தெரியாதவன், கங்காணி அப்படியில்லை. ஏற்கெனவே தோட்டத்துல வேலை செஞ்சு, தலைப்பாகையோட ஊருக்குத் திரும்பி, தன் சாதி சனம், சொந்தபந்தத்துக்குள்ளயே ஆள் சேர்ப்பார். முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் கப்பல் ஏறும்போதே கூட ஏறும். 1907-க்கு அப்புறம் மலேயா தோட்டக்காரங்க சேர்ந்து ஒரு நிதி வெச்சு, கூலிகளுக்கு இலவச டிக்கெட் கொடுத்தாங்க. சென்னை பக்கத்துல ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இதுக்குன்னே முகாம் இருந்தது.

அந்த வழியில ஓடின கப்பல்கள்ல ரஜூலாவைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். மலேசியா, சிங்கப்பூர்ல இருக்கிற தமிழ்க் குடும்பங்கள்ல ஒரு தாத்தாவோ பாட்டியோ கண்டிப்பா ‘ரஜூலாவுல வந்தவங்க’ளா இருப்பாங்க. 1926-ல் கிளாஸ்கோவுல கட்டின கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோடது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இப்போ போர்ட் கிளாங். இந்த அட்டவணையை எடுத்து இன்னைக்கு ஒரு சுற்றுலாக் கம்பெனிகிட்ட கொடுத்தா, அப்படியே போஸ்டர் அடிச்சு ஒட்டலாம்.

ஆனா ரஜூலாவுல ஐயாயிரம் பேருக்கு மேல ஏத்த அனுமதி இருந்தது. இன்னைக்கு எம்ப்ரஸ் மாதிரி கப்பல்ல இரண்டாயிரம் பேர்னாலே நெரிசல். ரஜூலாவுல பெரும்பாலானவங்க டெக் பயணிகள். அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரிச்ச இடம்தான் வீடு. தகரப் பெட்டி தலைமாட்டுல. நாகப்பட்டினத்துலயும் கப்பல் தள்ளித்தான் நிற்கும். படகுல போய் ஏறணும். கிட்டத்தட்ட ஒரு வாரம். அந்தப் பக்கம் போனதும் உடனே ஊருக்குள்ள விடமாட்டாங்க. பினாங்குல ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூர்ல செயின்ட் ஜான்ஸ் தீவு, ரெண்டும் தொற்றுநோய்த் தனிமை முகாம். டெக்குல வந்தவங்களைத்தான் பொதுவா அங்க கொண்டுபோய் அடைப்பாங்க. கேபின்ல வந்தவங்க அதிலிருந்து பெரும்பாலும் தப்பிச்சுடுவாங்க. கிருமிக்கு டிக்கெட் வகுப்பு பார்க்கத் தெரியும்போல. செயின்ட் ஜான்ஸ் இப்போ ஞாயித்துக்கிழமை போய் வர்ற தீவு. பிஜியில இதே வேலைக்கு இருந்தது நுகுலாவ் தீவு. 1903-ல் சென்னையிலிருந்து முதல்முதலா பிஜிக்கு ஆள் ஏத்திட்டுப் போன எல்பேங்கிற கப்பலுக்கு அப்புறம், சுமார் 15,000 தென்னிந்தியர்கள் பிஜிக்குப் போனாங்க. நுகுலாவ் பின்னாடி சுவாக்காரங்க பிக்னிக் போற இடமாச்சு.

இந்தக் கப்பல்ல ஒரு விஷயம் எனக்குச் சுவாரசியமா இருக்கும். அண்டா ஒண்ணு, சமையல் ஒண்ணு. ஊர்ல யார் வீட்டுத் தண்ணியை யார் குடிக்கலாம்ங்கிறதுக்கு ஆயிரம் சட்டம் இருந்தது. டெக்குல அதையெல்லாம் முழுசாக் காப்பாத்த வழியில்லை. கல்கத்தா கப்பல்கள்ல போன வடநாட்டுக்காரங்க, கூட வந்தவனை ‘ஜஹாஜி பாய்’, கப்பல் சகோதரன்னு கூப்பிட்டு, அதைப் பல தலைமுறைக்கு உறவாவே வெச்சிருந்தாங்க. இதுக்காகக் கப்பலை நான் பெருமைப்படுத்தலை. தோட்டத்துல லயம் கட்டும்போது சாதி திரும்பி வந்துடுச்சு. கங்காணி சேர்த்த கூட்டமே சாதிவாரியாத்தானே இருந்தது.

1938-ல் இந்திய அரசாங்கம் மலேயாவுக்குக் கூலிகளை உதவித்தொகையோட அனுப்பறதைத் தடை பண்ணிச்சு. 1941 டிசம்பர்ல ஜப்பான் வந்தது. நாலு வருஷம் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. அந்த நாலு வருஷத்துல தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல சயாம்-பர்மா ரயில் பாதை போடறதுக்கு இழுத்துட்டுப் போகப்பட்டு, அங்கேயே செத்தாங்க. இந்தப் பக்கம் ஊர்ல இருந்தவங்களுக்கு எதுவுமே தெரியாது.

போருக்கு அப்புறம் ரஜூலா திரும்பவும் ஓடிச்சு. 1973 வரைக்கும். அதுக்குப் பதிலா வந்தது சிதம்பரம் கப்பல். அந்தக் கப்பலோட பூர்வீகத்தைக் கேளுங்க: 1966-ல் பிரான்சுல, ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் நடுவுல ஓடறதுக்காகக் கட்டினது. பெயர் பாஸ்தேர். விமானம் வந்து அந்தத் தொழிலைக் கவுத்ததும் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, சிதம்பரம்னு பெயர் வெச்சு, சென்னை-சிங்கப்பூர் வழியில விட்டது. பியூனஸ் அயர்ஸ் அட்டவணையில ஓடவேண்டிய கப்பல், நம்ம ஆளுங்களோட பாயையும் தகரப் பெட்டியையும் சுமந்தது. 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு, பல பேர் இறந்தாங்க. அதோட சென்னை-சிங்கப்பூர் பயணிகள் கப்பல் கதை முடிஞ்சது.

இலங்கைக் கதை இதையெல்லாம் விடக் கிட்டத்துல இருக்கு, அதனாலயே கனமும் அதிகம். கண்டிச் சீமைக்கு ஆரம்பத்துல கப்பல்ங்கிறதே சின்னத் தோணிதான். மத்ததெல்லாம் நடை. நம்ம ஊர்லிருந்து தெற்கே, கடற்கரை வரைக்கும் நடை. தோணியில மன்னார். மறுபடி மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ள நடை. வழியில காலரா, மலேரியா, தண்ணித் தாகம். அந்தக் காட்டுவழியில எத்தனை பேர் விழுந்தாங்கன்னு யாரும் எண்ணி வைக்கலை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் விட்டப்புறம்தான் நடை குறைஞ்சது. கூலிகளுக்கு மண்டபத்துல முகாம். இந்திய மண்ணுல, இலங்கை அரசாங்கம் நடத்தின முகாம் அது. கழுத்துல தகர வில்லை. அதுல எழுத்தும் எண்ணும் அடிச்சிருக்கும்: எந்தத் தோட்டம், எத்தனாவது ஆள். அந்த வில்லையைக் காட்டினா வழி பூரா டிக்கெட் கேட்கமாட்டாங்க. செலவு முழுக்கக் கடன் கணக்குல ஏறும்.

அப்படிப் போனவங்களோட பேரப்பிள்ளைகள்கிட்ட 1948-ல் சுதந்திர இலங்கை, நீங்க எங்க குடிமக்கள் இல்லைன்னு சட்டம் போட்டுச் சொன்னது. 1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க. இந்த ரெண்டு ஒப்பந்தத்துலயும் அந்த மக்கள்கிட்ட யாரும் கேட்கலை. கிணத்துத் தண்ணியைப் பங்கு போடும்போதாவது நம்ம ஊர்ல பங்காளிகளைக் கூப்பிட்டு உட்கார வெப்பாங்க.

ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசத்துக்குள்ள புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது. அதுக்கப்புறம் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ‘ராமானுஜம்’ங்கிற கப்பல். லட்சக்கணக்குல ஜனங்க அதுல ஏறி, தாங்க பார்த்தே இராத ‘தாயகத்துக்கு’ வந்தாங்க. அரசாங்கக் காகிதத்துல அவங்க பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ஊர்ல அவங்க பெயர் ‘சிலோன்காரங்க’. அங்க இருந்தப்போ இந்தியாக்காரங்க, இங்க வந்தா சிலோன்காரங்க. எங்க பக்கத்துலயும் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். யார் பாட்டன் எந்த ஊர்லிருந்து போனான்னு ஒருத்தரும் விசாரிச்சு நான் பார்த்ததில்லை. விசாரிச்சிருந்தா, சிலருக்கு நடந்து போற தூரத்துலயே பங்காளி வீடு கிடைச்சிருக்கும்.

இந்த விசாரணையைத்தான் இப்போ தூரத்துல இருக்கிறவங்க செய்யறாங்க. டர்பன்லிருந்தும் மொரீஷியஸ்லிருந்தும் வர்றவங்க ஒரு காகித நகலைக் கையில வெச்சுட்டு வருவாங்க. அந்தப் பதிவேடுகள் அங்க பத்திரமா இருக்கு. நேட்டால் கப்பல் பட்டியலை எடுத்தா ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி: எண், பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல அடையாளம். மொரீஷியஸ்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கிற குடியேற்ற ஆவணங்கள்ல பல பேருக்கு போட்டோவே இருக்கு. போர்ட் லூயில கப்பலை விட்டு இறங்கினவங்க ஏறின கல்படிக்கட்டு, பதினாறு படி, இன்னும் இருக்கு. முன்னாடி அதுக்கு கூலி காட்னு பெயர். இப்போ ஆப்ரவாசி காட். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. போர்ட் லூயில நிக்கிற சுற்றுலாக் கப்பல் பயணிகள், மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி அதைப் பார்த்துட்டு வந்துடலாம்.

நம்ம பக்கம்? சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல அரசாங்க உத்தரவுகள், கடிதப் போக்குவரத்து நிறைய இருக்கு. ஆனா சேலத்துலயோ நாமக்கல்லயோ ஒரு கிராமத்துக்குப் போய், இங்கிருந்து 1890-ல் யார் யார் போனாங்கன்னு கேட்டா, காட்ட ஒரு காகிதமும் இல்லை. போனவங்களோட பட்டியல் போய்ச் சேர்ந்த இடத்துல இருக்கு, கிளம்பின இடத்துல இல்லை. எனக்கு இது ரொம்ப உறுத்துது. ஒரு படிக்கட்டை உலகச் சின்னமா காப்பாத்த மொரீஷியஸுக்குத் தோணியிருக்கு. அவங்க கிளம்பின ஊருக்கு ஒரு பெயர்ப் பலகை வைக்க நமக்குத் தோணலை.

அந்தக் காகித நகலை வெச்சு ஊர் கண்டுபிடிக்கிறதும் லேசு இல்லை. எழுதின குமாஸ்தா காதுல விழுந்ததை ஆங்கிலத்துல எழுதியிருப்பார். திருச்செங்கோடு அரசாங்க எழுத்துலயே ‘ட்ரிச்சென்கோடு’. சங்ககிரி ‘சங்கரிதுர்க்’. பெரிய ஊருக்கே இந்தக் கதின்னா, ‘பட்டி’யிலயும் ‘பாளையம்’லயும் முடியற குக்கிராமங்களை நினைச்சுப் பாருங்க. புதுப்பாளையம்னு ஒரே ஜில்லாவுக்குள்ள எத்தனை? தாலுகா எல்லையும் மாறிடுச்சு, ஜில்லா எல்லையும் மாறிடுச்சு. ‘சேலம்’னு எழுதியிருக்கிறதை நம்பி சேலம் டவுன்ல தேடிட்டு, ஏற்காடு மட்டும் பார்த்துட்டுத் திரும்பிப் போனவங்க உண்டு. அவங்க ஊர் நாமக்கல்லயோ கிருஷ்ணகிரியிலயோ இருந்திருக்கும்.

அதனால கேட்கிற உங்ககிட்ட ஒரு வேலை சொல்றேன். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, இப்போ வழக்கத்துல இல்லாத பழைய ஊர்ப் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்க. காட்டுக்கொட்டாய், வளவு, சாவடி, எதுவா இருந்தாலும். எங்களுக்கும் அனுப்புங்க. டர்பன்லிருந்து ஒருத்தர் நகலோட வந்து நின்னா, அவருக்கு உதவப்போறது மேப் இல்லை, அந்தப் பெயர்தான்.

சில ஊர்களை அப்படியும் காட்ட முடியாது. 1925-ல் ஆரம்பிச்சு 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிச்சப்போ, காவிரிக்கரை ஊர்கள் பல தண்ணிக்குள்ள போச்சு. அதுக்கு முன்னாடி கப்பல் ஏறின ஆளோட வரியில, கிராமம்ங்கிற கட்டத்துல அந்த ஊர் இன்னும் இருக்கும். அணையில தண்ணி நல்லா இறங்குற வருஷத்துல, பண்ணவாடி பக்கம் பழைய கோயில் நந்தி வெளியே தெரியும், ஒரு தேவாலயக் கோபுரமும் தெரியும். பரிசல்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. ஆடி பிறந்து கர்நாடகாவிலிருந்து தண்ணி வந்ததும் மறுபடி மூழ்கிடும்.